அந்தக் குப்பியை மாமனாருக்குக் கொடுக்கலாமா?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், வேலூரில் கல்லூரி மாணவர்களுக்கு உயிர்வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர்.)

கேள்வி: என் மகள் வேலூரில் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய லேபுக்கு 'ரீகாம்பினன்ட் ஹியூமன் பார்க்கின்' என்று ஒரு புரதம் சின்னக் குப்பியில் வந்திருக்கிறதாம். பார்க்கின்சன் நோயோடு தொடர்புள்ளது என்கிறாள். என் மாமனாருக்கு எழுபது வயதுக்கு மேல் அந்த நோய் வந்து கை நடுங்குகிறது. மனிதப் புரதம்தானே, ஊசியாகப் போட முடியாதா? அதை யார் உடம்பிலிருந்து எடுக்கிறார்கள்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: போடக் கூடாதும்மா. இதை உங்கள் மகளே சொல்லியிருப்பாள். வீட்டுப் பிள்ளை சொன்னால் எடுபடாது, பத்திரிகையில் வந்தால் எடுபடும், அதனால் நானும் சொல்லிவைக்கிறேன்.

யார் உடம்பிலிருந்தும் எடுப்பதில்லை. பார்க்கினுக்கான மனித மரபணுவின் நகலை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் நுழைத்துக் குடுவையில் வளர்ப்பார்கள். அது நன்றாகப் பெருகியதும் சூட்டை 16 டிகிரி வாக்கில் இறக்கி, கொஞ்சம் துத்தநாக உப்பும் சேர்த்து, ராத்திரி முழுக்கக் குலுங்க விடுவார்கள். துத்தநாகம் கிடைக்காவிட்டால் இந்தப் புரதம் சரியான வடிவத்துக்கு மடிந்துகொள்ளாது. மறுநாள் பாக்டீரியாவை உடைத்து, வேண்டிய புரதத்தை மட்டும் பிரித்தெடுப்பார்கள். 465 அமினோ அமிலங்களின் வரிசை மனிதனுடையது, செய்து கொடுத்தது பாக்டீரியா.

அது என்ன வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். ரோட்டை அகலப்படுத்தும்போது, இடிக்க வேண்டிய சுவரில் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போவார்களே, செல்லுக்குள் அப்படிப்பட்ட குறிதான் யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதம். எந்தச் சுவரில் போடுவது என்று முடிவு செய்பவர் யுபிக்விட்டின் லைகேஸ். நம் உடம்பில் 600க்கும் மேற்பட்ட லைகேஸ்கள் உண்டு. பார்க்கின் அதில் ஒன்று, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அதன் மேல் குறி போடுவது அதன் பொறுப்பு. இளம் வயதிலேயே பார்க்கின்சன் வந்த குடும்பங்களில் இந்த மரபணு பழுதாகியிருப்பதை 1998இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் அப்படி வரும். எழுபதுக்கு மேல் வந்த உங்கள் மாமனாருக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அப்படியே காரணமாக இருந்தாலும், ரத்தத்தில் ஏற்றிய புரதம் மூளைச் செல்லுக்குள் போய்ச் சேராது. உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து எதிர்க்கலாம். பாக்டீரியாவின் நச்சு துளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் காய்ச்சல் தூக்கிப்போடும். 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று குப்பியில் அச்சிட்டிருப்பது சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை.

அவர் பார்க்கின்சனுக்கான லீவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நேரம் தவறாமல் கொடுங்கள். முட்டை, கறி, பருப்பு அதிகமுள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால் சிலருக்கு அந்த மாத்திரை சரியாக ஏறாது. இடைவெளி எவ்வளவு விடலாம் என்று நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: நிறைய விலை கொடுத்து வாங்கிய பார்க்கின், டியூபில் வேலையே செய்யவில்லை. டிரை ஐஸில்தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா சார்?
– ஆராய்ச்சி மாணவர், காட்பாடி

பதில்: கம்பெனிக்குக் காட்டமாக மெயில் அனுப்புவதற்கு முன் ஒன்று கேட்கிறேன் தம்பி, டியூபில் என்னென்ன போட்டீர்கள்? பார்க்கின் இயல்பிலேயே தன்னைப் பூட்டிக்கொண்டு தூங்கும். பிங்க்1 என்ற நொதி யுபிக்விட்டின் மேலும் பார்க்கின் மேலும் பாஸ்பேட்டை ஒட்டினால்தான் அது எழும். வெறும் யுபிக்விட்டினைப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. பாஸ்பேட் ஏற்றிய யுபிக்விட்டினை வாங்குங்கள், இல்லையென்றால் பிங்க்1ஐயும் சேருங்கள். மனித பிங்க்1 பாக்டீரியாவில் செய்தால் மந்தமாக இருக்கும். அதனால் பல லேப்களில் மாவு வண்டின் பிங்க்1ஐப் பயன்படுத்துகிறார்கள். கோதுமை மாவு டப்பாவில் ஊருமே, அதே சிவப்பு வண்டுதான்!

யுபிக்விட்டினைத் தயார்செய்து லைகேஸிடம் கொண்டுவரும் ஈ1, ஈ2 நொதிகள், அதற்குச் சக்தி தரும் ஏடிபி, மெக்னீசியம் எல்லாம் இருந்தனவா? பஃபர் கரைசலில் உலோகங்களைப் பிடிக்கும் ஈடிடிஏ இருந்தால், பார்க்கினில் உள்ள துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அப்புறம், பார்சல் கேட்டில் செக்யூரிட்டி மேஜையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று விசாரியுங்கள். நம்மூர் மே மாத வெயிலில் டிரை ஐஸ் சீக்கிரம் காணாமல் போகும். அடுத்த முறை குப்பி வந்த அன்றே, ஐஸ் மேல் வைத்துச் சின்னச் சின்ன டியூப்களாகப் பிரித்து மைனஸ் 80இல் போட்டுவிடுங்கள். உருக்கியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் 52 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் பட்டை ஒழுங்காக வந்தால் புரதம் உடையவில்லை என்றுதான் அர்த்தம். உயிரோடு இருக்கிறதா என்பதை ஜெல் சொல்லாது.

கேள்வி: இந்த லைகேஸ் ஆராய்ச்சியால் மருந்து ஏதாவது வந்திருக்கிறதா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: இருந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தது, அதுவே பெரிய விஷயம். 1957இல் ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கை கால் வளராத குழந்தைகள் பிறந்ததால் 1961இல் அங்கே நிறுத்தப்பட்டது. அது உடம்பில் எதைப் போய்ப் பிடிக்கிறது என்று அரை நூற்றாண்டு வரை தெரியாது. 2010இல் ஜப்பானில்தான் கண்டுபிடித்தார்கள்: செரிப்ளான், ஒரு யுபிக்விட்டின் லைகேஸின் பகுதி. தாலிடோமைடின் தம்பி மருந்தான லெனலிடோமைடு இப்போது மைலோமா என்ற புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அதே லைகேஸைத் திசைதிருப்பி, புற்றுச் செல்லுக்கு வேண்டிய புரதங்களின் மேலேயே குறி போடவைக்கிறது. கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் இன்றும் கறாராக இருக்கிறது.