கதை புரியவில்லை என்றால் கேம் மோசமா?

‘நேராகக் கதை சொல்லாத கேம்களை ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? எழுதத் தெரியாததற்குத்தானே மர்மம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பாதியில் வெறுத்துப்போய்க் கேட்ட கேள்வி போலத் தெரிகிறது. அநேகமாக அந்த வீடியோ கேம் டார்க் சோல்ஸாகத்தான் இருக்கும்.

2011-இல் வந்த அந்த கேமில் யாரும் நம்மை உட்காரவைத்துக் கதை சொல்வதில்லை. கிடைத்த மோதிரத்தின் விவரக் குறிப்பில் இரண்டு வரி, வாளின் குறிப்பில் இன்னொரு வரி. கோர்ப்பது நம் பாடு. இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி, சிறுவயதில் பாதி புரியாத ஆங்கிலக் கதைகளைப் படித்து, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டவர். கேமையும் அப்படியே செய்துவிட்டார்.

அதில் சிஃப் என்றொரு பெரிய ஓநாய், வாயில் வாளைக் கவ்வியபடி தன் எஜமான் ஆர்டோரியாஸின் கல்லறையைக் காக்கும். அடி விழுந்து உயிர் குறையக் குறைய நொண்டும். வாளை வீசிய வேகத்தில் தானே தடுமாறி விழும். எனக்குக் கை ஓடவில்லை. ஆனால் அதைக் கொல்லாமல் கேம் நகராது. கொன்ற பிறகு ஒரு மோதிரம் கிடைத்தது. அணிபவர் ஆர்டோரியாஸைப் போலவே பாதாள இருளுக்குள் நடமாடலாம் என்றது அதன் குறிப்பு. எஜமானை விழுங்கிய இருளுக்குள் இன்னொருவர் போய் மாட்டக்கூடாது என்றுதான் அந்த ஓநாய் வழிமறித்தது என்று புரிந்துகொண்டேன். வேறு விளக்கமும் இருக்கலாம், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் யாரும் சொல்லித்தராமல் நானே வந்து சேர்ந்த முடிவு அது. 2012-இல் வந்த கூடுதல் பகுதி பழைய காலத்தில் நடப்பது; அதில் குட்டி சிஃபைக் காப்பாற்றிவிட்டு அந்தக் கல்லறைக்குப் போனால், அது நம்மை மோந்து பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும். அப்புறமும் வாளை எடுக்கும். இதற்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது.

எல்லாப் புதிருக்குள்ளும் ஆழம் இருக்கிறது என்று சாதிக்க வரவில்லை. வெறும் மூட்டத்தைக் காட்டிக் காசு பார்க்கும் கேம்களும் உண்டு. கதையே வேண்டாம், சுட்டால் போதும் என்பவர்களோடும் எனக்கு வழக்கு இல்லை. எனக்கு ஆகாதது, புதிர் முன்னால் ஒரு நிமிடம் நின்றாலே கூட வரும் பாத்திரம் வாய் திறந்து விடையை உளறிவிடும் கேம்கள்தான். முகப்புப் படத்திலேயே முடிவை ஒட்டி வீடியோ போடுகிறவர்கள் அதைவிட மோசம். இது போதாதென்று, முழு விலை கொடுத்து வட்டு வாங்கினாலும் முதல் நாளே பல ஜிபி திருத்தங்களை இறக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. முடிக்காத பொருளை விற்பவர்களைப் பலர் கேள்வி கேட்பதில்லை. கதையில் இடைவெளி விட்டால் மட்டும் கோபம் வந்துவிடுகிறது!

மர்மமும் வேண்டும், உறுதியான விடையும் வேண்டும் என்றால் லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்ட ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் ஆடுங்கள். ஓப்ரா டின் என்ற அந்தக் கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரின் முடிவு சரியாக இருந்தால்தான் கேம் உறுதிசெய்யும் என்பதால் குருட்டு ஊகம் அதிகம் செல்லாது. மாலுமிகள் தூங்கும் தூளிகளில் தொங்கும் எண்களைக் கவனியுங்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். விளக்க வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து ‘சப்பென்று இருக்கிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள்.