ஜேம்ஸ் பாண்ட் படமான நோ டைம் டு டையில் மடலீன் யார், அந்தக் கல்லறை யாருடையது?
நீங்கள் பார்க்காமல் விட்டது இடையில் வந்த ஸ்பெக்டர் (2015). ஸ்கைஃபால் முடிந்ததும் நேராக நோ டைம் டு டைக்குப் போனதால்தான் மடலீன் யாரென்றே புரியவில்லை. இத்தாலியின் மட்டேரா ஊரில் பாண்ட் போய் நிற்கும் கல்லறை அவர் முன்பு காதலித்த வெஸ்பருடையது, அவள் கதை 2006-இல் வந்த கேசினோ ராயலில் இருக்கிறது.

பழைய பாண்ட் படங்களைப் பெரும்பாலும் எந்த வரிசையிலும் பார்க்கலாம், அந்தப் பழக்கம்தான் காரணமாக இருக்கும். ஆனால் டேனியல் கிரெய்க் பாண்டாக நடித்த ஐந்து படங்களும் ஒரே ஆளின் தொடர்கதை. ஸ்கைஃபால் மட்டும் கிட்டத்தட்டத் தனியாக நிற்கும்.

ஒன்று செய்து பாருங்கள். கேசினோ ராயலின் கடைசிக் காட்சியில் ஏரிக்கரை வீட்டு வாசலில் காலில் குண்டடிபட்டுத் தவழ்கிறாரே வில்லன் கூட்டத்து ஆள் மிஸ்டர் ஒயிட், அவர் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஸ்பெக்டரில் ஆஸ்திரியப் பனிமலை வீட்டில் பாண்ட் அவரைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள், அவருடைய மகள்தான் மடலீன். அந்த ஒரு காட்சிக்காகவே எனக்கு அந்தப் படம் பிடிக்கும்.

ஆனால் ஸ்கைஃபால் அளவுக்கு ஸ்பெக்டரை எதிர்பார்க்காதீர்கள். வில்லனுக்கும் பாண்டுக்கும் சின்ன வயது உறவு என்று இழுத்துக் கட்டிய பகுதி எனக்கு ஒட்டவே இல்லை. அப்புறம், நோ டைம் டு டையை மறுபடி பார்ப்பதென்றால் 163 நிமிடம், ராத்திரி தாமதமாக ஆரம்பிக்காதீர்கள்.