காலியான கட்டம் பூஜ்யமா?

வணக்கம் சார்,

கடலூர் துறைமுகத்தில் வாங்கிய இறாலில், வாங்கிய அன்றே எடுத்த சதை மூன்று, ஐஸில் 6 நாள் வைத்தது மூன்று என மொத்தம் ஆறு மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளை எடைபோடும் கருவி) ரன். ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதத்தின் ஒரு பெப்டைடுக்கு (புரதத்தை வெட்டிய துண்டு), ஐஸ் வைத்த மூன்றிலுமே அளவுக் கட்டம் காலி. 0 போட்டால் பி-வேல்யூ (வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி எண் வரும் வாய்ப்பு) பிரமாதமாகக் குறைந்து வருகிறது. போடலாமா?

கயல், கடலூர் முதுநகர்

அன்புள்ள கயல்,

போடாதீர்கள். அந்தப் பிரமாதம் இறாலிலிருந்து வரவில்லை. லாக் எடுக்க 0-வோடு 1 கூட்டியிருப்பீர்கள். 1-இன் லாக் 0. எதிர்ப்பக்கம் 1.68 கோடி இருந்தால் அடிமானம் 2-இல் அதன் லாக் 24. மூன்று 0-வும் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருப்பதால் அந்தப் பக்கம் சிதறலே கிடையாது. டெஸ்ட் ஏமாறாமல் என்ன செய்யும்? சில மென்பொருள்கள் தாமே 0 என்று எழுதிவிடும், அதையும் காலி என்றே படியுங்கள்.

கருவி ஒவ்வொரு சுற்றிலும் உரக்கக் குரல் கொடுக்கும், அதாவது சிக்னல் பலமான, பத்து இருபது அயனிகளைத்தான் (மின்னேற்றம் பெற்ற பெப்டைடுகள்) உடைத்துப் பார்க்கும். முதுநகர் மீன் ஏலம் மாதிரிதான். ஐஸில் இருந்த இறாலில் அதன் சொந்த நொதிகளே புரதத்தை நறுக்கியிருக்கும். அந்தத் துண்டுகளின் கூச்சலில் உங்கள் பெப்டைடுக்கு முறை வராமல் போயிருக்கலாம்.

எனவே ஆறு ரா ஃபைலையும் (கருவி பதிந்த மூலக் கோப்பு) ஸ்கைலைன் மென்பொருளில் திறந்து முதல் மூன்று ஐசோடோப் பீக்கையும் (அதே பெப்டைடு, எடை மட்டும் சற்றுக் கூடியது) பாருங்கள். உதாரணமாக சார்ஜ் 2-இல் எம்/இசட் (எடையைச் சார்ஜால் வகுத்தது) 652.3310 என்றால் அடுத்தவை 652.8327, 653.3344. தேடும் ஜன்னல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), அதாவது இருபுறமும் 0.0065. மூன்றும் ஒரே நிமிடத்தில் ஏறி இறங்கி, உயர விகிதமும் புதிய இறாலில் உள்ளது போலவே இருந்தால் பீக் இருக்கிறது, பரப்பளவை எடுங்கள். ரிடென்ஷன் டைம் (பீக் வெளிவரும் நேரம்) நகர்ந்திருக்கும், பக்கத்துப் பெப்டைடுகளை வைத்துச் சரிபாருங்கள்.

அங்கே இல்லையென்றால், எடை மாறிப் போயிருக்கிறதா பாருங்கள். பெப்டைடில் உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜன் ஏற்றிருந்தால் 7.9975 தள்ளி இருக்கும். அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை அடுத்து கிளைசின் இருந்தால் டீஅமிடேஷனுக்கும் (அஸ்பராஜின் தன் அமைடை இழந்து எடை சுமார் 1 கூடுவது) வாய்ப்பு அதிகம். அது 652.8230-இல் வரும். மேலே சொன்ன இரண்டாவது ஐசோடோப்புக்கு 0.0097 மட்டுமே தூரம். இரண்டையும் பிரிக்க அந்த எடையில் 67,000 ரெசல்யூஷனாவது (நெருங்கிய பீக்குகளைப் பிரிக்கும் திறன்) வேண்டும். ஆர்பிட்ராப் வகைக் கருவியில் 60,000 என்று வைத்திருந்தால் அது எம்/இசட் 200-க்கான கணக்கு. 652-இல் 33,000 அளவுக்கு இறங்கிவிடும். அப்போது மென்பொருள் எதை எதுவென்று சொன்னாலும் நம்பாதீர்கள், பீக் வந்த நேரத்தை ஒப்பிடுங்கள். நொதி வெட்டிய துண்டுக்கு, ஒரு முனை மட்டும் டிரிப்சின் (புரதத்தை வெட்ட ஆய்வகத்தில் சேர்க்கும் நொதி) வெட்டு என்று அமைத்து மறுபடி தேடவேண்டும்.

எதுவுமே இல்லையென்றால் அதே நேர ஜன்னலின் இரைச்சல் பரப்பளவை எடுத்து, 'இதற்கும் கீழே' என்று எழுதுங்கள். சராசரியிலிருந்து 1.8 திட்ட விலக்கம் கீழே தள்ளி எண்களை நிரப்பும் வழக்கமும் உண்டு. ஆனால் மூன்றுமே காலியாக இருக்கும்போது மூன்று எண்ணையும் நாமே எழுதி, நாமே பி-வேல்யூ வாங்கிக்கொள்வதாகிவிடும்.

ஒரு சந்தேகம்: மூன்றும் மூன்று இறாலா, ஒரே சாற்றை மூன்று தடவை ஏற்றியதா? பின்னது என்றால் டி-டெஸ்டே (இரு சராசரிகளை ஒப்பிட்டு பி-வேல்யூ தரும் சோதனை) வேண்டாம்.