நைட் டியூட்டி முடித்து வந்தால் இரண்டு மணி நேரத் தூக்கம்தான். மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி, இரவு 8 முதல் காலை 8 வரை. வீட்டுக்கு வந்து வேலைகளை முடித்து 10 மணிக்குப் படுத்தால் 12 மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கமே இல்லை. கூட வேலை பார்ப்பவர் சொன்னதைக் கேட்டு, தெருமுனை மெடிக்கலில் தூக்கத்துக்கு ஆல்பிரசோலம் 0.5 மாத்திரை வாங்கி நான்கு மாதமாகத் தினமும் போடுகிறேன். இப்போது ஆஃப் நாள் இரவிலும் அது இல்லாமல் கண் மூடுவதில்லை. எனக்குத் தூக்க வியாதி வந்துவிட்டதா? மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்றே நிறுத்தாதீர்கள். ஏன் என்று பிறகு விவரமாகச் சொல்கிறேன்.

உங்கள் தூக்கம் கெட்டுப்போய்விடவில்லை. நீங்கள் தூங்குகிற நேரம்தான் உடம்புக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலை 4 மணிக்கு ஐசியூவில் எல்லாரும் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஏசியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பீர்களே, அதை நினைத்துப் பாருங்கள். ஏசி இரவு 9 மணிக்கும் அதே அளவில்தான் ஓடியிருக்கும். உடம்பின் சூடு ஒரு நாளில் மிகவும் இறங்குவது அந்த விடியற்காலை நேரத்தில்தான். தூக்கம் ஆளை அழுத்துவதும் அப்போதுதான். பொழுது விடிந்ததும் சூடு ஏறத் தொடங்குகிறது. மூளையில் இருக்கும் கடிகாரம், வெளிச்சத்தைப் பார்த்ததும் ‘எழுந்திரு’ என்கிறது. நீங்கள் 10 மணிக்குப் படுக்கும்போது அசதி உங்களைத் தூங்கவைக்கிறது. இரண்டு மணி நேரத்தில் அந்த அசதி கொஞ்சம் தணிந்ததும் கடிகாரம் எழுப்பிவிடுகிறது. உங்கள் ஊரில் நைட் பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

அதனால் முதலில் வெளிச்சம் உள்ளே வராமல் தடுங்கள். படுக்கிற அறை ஜன்னலில் மெல்லிய கர்ட்டன் போதாது. கறுப்புத் துணியோ தடித்த போர்வையோ ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். காலிங் பெல்லை அணைத்துவிடுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள்.

அடுத்தது, 8 மணிக்கு டியூட்டி முடிந்தும் 10 மணிக்குத்தான் படுக்கிறீர்கள். நடுவில் இருக்கும் ‘வேலைகள்’ என்னவென்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வருகிற நர்ஸ்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்: பிள்ளைக்கு டிபன் பாக்ஸ், மாமனாருக்குக் காபி, ஊறவைத்த துணி, மதியச் சாப்பாட்டுக்கு அரிந்துவைக்க வேண்டிய காய். 12 மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவர், விலைமதிப்பில்லாத அந்த இரண்டு மணி நேரத்தை அடுப்படியில் விடுகிறார். ஒவ்வொரு அரை மணியும் தள்ளிப்போகப் போக உடம்புச் சூடு ஏறி, தூக்கம் குறைந்துகொண்டே வரும். 9 மணிக்குப் படுக்கையில் இருக்கவேண்டும். வீட்டில் உள்ளவர்கள் இதற்கு மனம் வைக்காவிட்டால் எந்த மருந்தும் வேலை செய்யாது.

12 மணிக்கு விழித்தால் படுக்கையில் புரண்டு சண்டை போடவேண்டாம். எழுந்து, சாப்பிட்டு, இருக்கிற வேலையைப் பாருங்கள். மாலை 5 மணிக்கு மறுபடி ஒன்றரை மணி நேரம் படுங்கள். இரண்டு தவணையாகத் தூங்குவது தப்பே இல்லை. ஐந்தாறு மணி நேரம் சேர்ந்தால் நைட்டைத் தாங்கலாம். கடைசி நைட் முடிந்த அன்று மட்டும் காலையில் 2 மணி நேரத்தோடு எழுந்துவிடுங்கள். அன்று இரவு எல்லாரும் படுக்கிற நேரத்துக்குத் தூக்கம் வரும்.

டீ, காபியை இரவு 2 மணிக்கு மேல் தொடாதீர்கள். குடித்த காபியின் சக்தி பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுக்கிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட இரட்டிப்பு நேரம். விடியற்காலை 5 மணி டீயின் சக்தி, நீங்கள் படுக்கிற 10 மணிக்கும் பாதி மிச்சம் இருக்கும்.

வாய்ப்புக் கிடைத்தால் நள்ளிரவுக்குப் பிறகு 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஜப்பானில் பல மருத்துவமனைகளில் 16 மணி நேர இரவுப் பணியின் நடுவே நர்ஸ்கள் படுத்துத் தூங்க இரண்டு மணி நேரம் வரை இடைவேளை தருகிறார்கள். இங்கே நாற்காலியில் தலை சாய்த்தாலே மெமோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-லேயே நர்ஸ்களுக்காகத் தனிப் பரிந்துரை வெளியிட்டது. ஒரு டியூட்டிக்கும் அடுத்த டியூட்டிக்கும் நடுவில் 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம் ஊரில் தரச்சான்று ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால், நைட் முடித்தவர்களைக் காலை 10 மணிக்கு வகுப்பில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். வகுப்பின் தலைப்பு ‘நோயாளி பாதுகாப்பு’ என்று இருக்கும். அதற்குப் பிறகு அந்த நர்ஸ் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகவேண்டும்.

ஸ்கூட்டியைப் பற்றி ஒன்று. முதல் நாள் நைட்டில் பலரும் காலை 6 மணிக்கு எழுந்தவர்கள் மறுநாள் 8 மணி வரை கண் மூடுவதில்லை. 26 மணி நேரம். 24 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம் மது இருப்பவருடையதைப் போல ஆகிவிடும். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 30. நைட் முடிந்தால் பஸ்ஸில் போங்கள், அல்லது யாரையாவது வரச் சொல்லுங்கள்.

சரி, மாத்திரைக்கு வருவோம். ஆல்பிரசோலம் அட்டவணை எச்1 மருந்து. 2014 முதல் அந்தக் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. சீட்டு எழுதிய டாக்டர், நோயாளி, மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்கவேண்டும். அட்டையிலேயே சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சடித்திருக்கும். உங்கள் தெருமுனைக் கடைக்காரர் எந்தப் பதிவேட்டில் எழுதினார்? பத்து மாத்திரையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தந்திருப்பார், பெயரும் இல்லை, தேதியும் இல்லை. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சில கடைகளுக்கு நைட் பார்க்கிற ஊழியர்கள்தான் நிரந்தர வாடிக்கை. இது அவர்களுக்கும் தெரியும், சோதனைக்கு வரவேண்டியவர்களுக்கும் தெரியும். இந்த மாத்திரை சரிப்படவில்லை என்றால் “இதைவிட நல்லது” என்று ஜோல்பிடெம் என்ற வேறொரு தூக்க மாத்திரையை எடுத்துக் கொடுப்பார்கள், அல்லது அலர்ஜிக்குப் போடும் அவில் மாத்திரையைக் கொடுப்பார்கள். எதையும் வாங்காதீர்கள். வார்டு டிராலியில் மிச்சம் இருப்பதையும் தொடாதீர்கள்.

இந்த மாத்திரை தருவது முழுத் தூக்கமும் அல்ல. ஆழ்ந்த தூக்கத்தின் பங்கை அது குறைத்துவிடுகிறது. காலை 10 மணிக்குப் போட்டதில் ஏறக்குறைய பாதி, இரவு 9 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள், நோயாளிக்கு மருந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்பில், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் அளவை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு ‘நிறுத்தாதீர்கள்’ என்றும் சொல்கிறேன், குழம்பவேண்டாம். மாதத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் போட்ட ஒருவர் நாளையே தூக்கிப்போடலாம், ஒன்றும் ஆகாது. நீங்கள் அந்த வகை இல்லை. நான்கு மாதம், தினமும். உங்கள் மூளை அந்த மருந்தோடு பழகிவிட்டது. சட்டென்று நிறுத்தினால் படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, முன்னைவிட மோசமான தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பே வரும். அதற்கு முன் வாழ்க்கையில் ஒருமுறைகூட வலிப்பு வராதவர்களுக்கும் வரலாம். தினமும் போட்ட ஒரு வார்டு பாய், கோவிலுக்கு மாலை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டார். மூன்றாம் நாள் எங்கள் அவசரப் பிரிவில் கிடந்தார். ஆஃப் நாளில் மாத்திரை இல்லாமல் உங்களுக்குத் தூக்கம் வராததும் அந்தப் பழக்கத்தின் அடையாளம்தான். அதைப் புது வியாதி என்று நினைத்து அளவைக் கூட்டிவிடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, நீங்களாகப் பாதியாக உடைப்பது இரண்டும் வேண்டாம். டாக்டர் சிறிது சிறிதாக, வாரக்கணக்கில் குறைப்பார். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். நைட் முடித்த நர்ஸை அன்று பகலே ஒரு வீட்டில் படுத்திருக்கும் முதியவரைப் பார்க்க அனுப்பி, சம்பளத்தில் கமிஷன் பிடிக்கிற ஏஜென்ஸிகள் இருக்கின்றன. “அங்கே போய் உட்கார்ந்து தூங்கலாம் சிஸ்டர்” என்பார்கள். போகாதீர்கள்.

இந்த வாரமே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ உங்களுக்குப் பழக்கமான மனநல மருத்துவரிடமோ போங்கள். போகும்போது மாத்திரை அட்டையையும், கடந்த இரண்டு மாத டியூட்டி ரோஸ்டரின் போட்டோவையும் கொண்டுபோங்கள். ரோஸ்டரில் காலை, மாலை, நைட் என்ற வரிசையில் ஷிஃப்ட் மாறினால் உடம்பு ஓரளவு தாங்கும். தலைகீழாக மாறினால் தாங்காது. அதை இன்சார்ஜ் சிஸ்டரிடம் எழுத்தில் கேட்க டாக்டரின் கடிதம் உதவும். டாக்டரைப் பார்க்கும்வரை வழக்கமான அளவையே போடுங்கள், ஒரு மாத்திரைகூட அதிகம் வேண்டாம். போட்ட பிறகு வண்டி எடுக்காதீர்கள்.