மண்ணடியில எடுத்த டிக்கெட், ஆட்டம் காணற ஏர்லைன்

தம்பி, நீங்க கேட்டது இதுதானே: லெஸ்டருக்குப் படிக்க வந்து நாலு மாசம். மே மாசம் ராயபுரத்துல அக்கா கல்யாணம். தண்டையார்பேட்டையில இருக்கற அப்பா, மண்ணடி ஏஜென்ட்கிட்ட ஜிபேல 62,000 ரூபாய் அனுப்பி லண்டன்–மும்பை ரிட்டர்ன் எடுத்துட்டார். மும்பை–சென்னை வேற கம்பெனியில தனி டிக்கெட். இப்போ அந்த லண்டன் ஏர்லைனோட விமானங்களை லீசுக்கு விட்டவங்க திரும்ப எடுத்துட்டுப் போறதா செய்தி வருது. இப்பவே கேன்சல் பண்ணட்டுமா, அடுத்த தடவை எப்படி எடுத்தா பணம் தப்பிக்கும்?

கேன்சல் பண்ணாதீங்க. நீங்களா ரத்து பண்ணா, டிக்கெட் விதிப்படி கேன்சலேஷன் சார்ஜ் பிடிச்சது போக மிச்சம்தான் ரீஃபண்ட். அந்த மிச்சத்தையும் தர வேண்டியது அதே காசில்லாத ஏர்லைன்தான். அவங்க பறக்காம நின்னாதான் "சேவை தரல, முழுப் பணத்தையும் கொடு"ன்னு கேக்கற பிடி உங்க கையில இருக்கும். அதே மாதிரி "வவுச்சர் தரோம், ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணா பறக்கலாம்"னு மெயில் வந்தா ஓகே கொடுத்துடாதீங்க. கடையை மூடப் போறவன் கொடுக்கற டோக்கன் அது.

கடன்ல இருக்கற ஏர்லைன் எல்லாம் நாளைக்கே நின்னுடும்னும் இல்ல. அமெரிக்காவுல சாப்டர் 11ன்னு ஒரு ஏற்பாடு, பறந்துகிட்டே கடனைச் சீர்பண்ணலாம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2011 நவம்பர்ல அதுக்குள்ள போய் எழுந்து வந்தது. இந்தியாவுலயும் பிரிட்டன்லயும் பெரும்பாலும் அப்படி நடக்கறதில்ல. பிரிட்டன்ல மொனார்க் 2017 அக்டோபர் 2, தாமஸ் குக் 2019 செப்டம்பர் 23, ரெண்டுமே ராத்திரியோட ராத்திரியா மூடினதுதான். இந்தியாவுல கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2ஆம் தேதி என்சிஎல்டிங்கற கம்பெனித் தீர்ப்பாயத்துல திவால் மனு போட்டது, 3ஆம் தேதியில இருந்து விமானம் இல்ல. அதனால பேப்பர்ல வர்ற கடன் தொகையைப் பார்த்துப் பயப்படாதீங்க. லீசுக்கு விட்டவன் விமானத்தைத் தூக்கறானா, சம்பளம் தள்ளிப்போகுதா, எண்ணெய்க் கம்பெனி கடனுக்கு ஊத்தாம ரொக்கம் கேக்குதா, அதைப் பாருங்க. எட்டு மாசம் கழிச்சுப் போற டிக்கெட்டைத் திடீர்னு அடிமாட்டு விலைக்கு வித்தாலும் உஷாரா இருக்கணும். நாளைக்கு ஊத்தற எண்ணெய்க்கு உங்க அட்வான்ஸ்லதான் காசு தேடறாங்க.

இந்த வாரமே அப்பாவை ஏஜென்ட் கடைக்கு நேர்ல போகச் சொல்லுங்க. தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறினா மூணாவது ஸ்டேஷன் மண்ணடி. போன்ல கேட்டா "எல்லாம் கன்ஃபர்ம் சார்"னுதான் பதில் வரும். அவர் கேட்டு வாங்க வேண்டியது இ-டிக்கெட் ரசீதும் ஜிஎஸ்டி பில்லும். பில்லுல டிக்கெட் விலை தனியா, ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜ் தனியா இருக்கணும்.

ரசீதுல ரெண்டு நம்பர் இருக்கும். பிஎன்ஆர் ஆறு எழுத்து, அது சீட்டு பிடிச்சு வச்சதுக்கு மட்டும் அடையாளம். டிக்கெட் நம்பர் 13 இலக்கம், பணம் ஏறினதுக்கு அதுதான் சாட்சி. பிஎன்ஆர் இருந்து டிக்கெட் நம்பர் இல்லைன்னா இன்னும் டிக்கெட்டே போடலைன்னு அர்த்தம். அப்படி இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம், பணத்தைத் திருப்பி வாங்கிட்டு வேற ஏர்லைன்ல போடச் சொல்லுங்க. டிக்கெட் போட்ட அன்னிக்கே ஏஜென்ட் அதை வாய்ட் பண்ணவும், அதாவது செல்லாததா ஆக்கவும் முடியும், அப்படிப் பண்ணிட்டா கையில இருக்கற பிடிஎஃப் வெறும் காகிதம். அதனால ஏர்லைன் சைட்லயே பிஎன்ஆரும் குடும்பப் பேரும் போட்டு, டிக்கெட் நம்பர் தெரியுதான்னு நீங்களே பாருங்க. ஏஜென்ட் திரையில ஒவ்வொரு பயணத்துக்கும் கூப்பன் நிலை தெரியும், அது 'ஓப்பன்'னு, அதாவது இன்னும் பயன்படுத்தாததா இருக்கணும்.

அந்த 13 இலக்கத்துல முதல் மூணுதான் முக்கியம். அது எந்த ஏர்லைன் பேர்ல டிக்கெட் அடிச்சிருக்குன்னு சொல்லும். ஏர் இந்தியா 098, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 125, கத்தார் 157, எமிரேட்ஸ் 176. பணம் அந்த நம்பர்காரங்ககிட்டதான் போயிருக்கும். கோட்ஷேர்ல விமானம் ஒருத்தருது, டிக்கெட் இன்னொருத்தருதா இருக்கலாம். விழப்போறவன் ஓட்டற விமானத்துக்கு நல்ல கம்பெனி நம்பர்ல டிக்கெட் இருந்தா, மாத்து விமானம் கேக்க உங்களுக்கு ஆள் இருக்கு. தலைகீழா, நல்ல கம்பெனி ஓட்டற விமானத்துக்கு விழப்போறவன் நம்பர்ல டிக்கெட் இருந்தா, கவுன்ட்டர்லயே நிறுத்துவாங்க. உங்களை ஏத்தினாலும் அவங்களுக்குக் காசு வராதே. இந்த மூணு இலக்கத்தைப் பார்க்காம யாரும் உங்களுக்கு யோசனை சொல்ல முடியாது.

சரி, அந்த நம்பரும் அதே ஏர்லைனோடதுதான், கம்பெனியும் விழுந்துடுச்சுன்னு வைங்க. 62,000 எங்க இருக்கும்? மண்ணடியில சின்னக் கடைகள் பலதுக்கு சொந்தமா ஐஏடிஏங்கற உலக ஏர்லைன் சங்கத்தோட உரிமம் இருக்காது, பெரிய ஏஜென்ட்கிட்ட இருந்துதான் டிக்கெட் போட்டுக் கொடுப்பாங்க. அப்பா பணம் சின்னவர்கிட்ட இருந்து பெரியவர், அங்கிருந்து பிஎஸ்பிங்கற பொதுக் கணக்குமுறை வழியா ஏர்லைனுக்குப் போயாச்சு. ரீஃபண்ட் வந்தாலும் அதே படியில ஒவ்வொண்ணா இறங்கிதான் வரணும். ஏர்லைனை பிஎஸ்பியில நிறுத்தி வச்சுட்டா ஏஜென்ட் கம்ப்யூட்டர்ல ரீஃபண்ட் போடற வழியும் அடைஞ்சு போகும். ஜிபேல போன பணத்துக்கு, கீழ சொல்லப்போற பிரிட்டிஷ் கார்டு பாதுகாப்பு எதுவும் கிடையாது.

இந்திய ஏர்லைனா இருந்தா, திவால் நடவடிக்கை ஆரம்பிச்சதும் பொது அறிவிப்பு வரும். அதுல சொல்ற தேதிக்குள்ள, சொல்ற படிவத்துல, டிக்கெட்டும் பணம் கட்டின ஆதாரமும் வச்சு க்ளெய்ம் போடணும். போடுங்க, ஆனா அதை நம்பிக் கல்யாணச் செலவைக் கணக்குப் போடாதீங்க. செக்யூரிட்டி வச்சுக் கடன் கொடுத்த பேங்க், ஊழியர் சம்பளம் எல்லாம் முன்னாடி நிக்கும், பயணி ரொம்பப் பின்னாடி. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்னிக்குப் பறக்கறதை நிறுத்துச்சு. கம்பெனியைக் கலைச்சு சொத்தை விக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது 2024 நவம்பர் 7. நடுவுல அஞ்சரை வருஷம். திவால் நடவடிக்கை நடக்கும்போது ஏர்லைன் மேல தனியா கேஸ் போடவும் சட்டம் விடாது.

ஏஜென்ட் மேல போடலாமான்னா, டிக்கெட் ஒழுங்கா அடிச்சுக் கொடுத்திருந்தா அவர் வேலை முடிஞ்சுது, கேஸ் பலமில்ல. டிக்கெட்டே போடலை, இல்ல ஏர்லைன் கொடுத்த ரீஃபண்டை அமுக்கி வச்சிருக்கார்னா அது வேற. 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிவு பண்ணிட்டு, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஜிஎஸ்டி பில் வாங்கச் சொன்னது இதுக்கும்தான்.

இனி அடுத்த தடவைக்கு. இங்க பிரிட்டன்ல 1974ஆம் வருஷத்து கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்துல செக்‌ஷன் 75ன்னு ஒண்ணு இருக்கு. பொருளோட விலை 100 பவுண்டுக்கு மேல, 30,000 பவுண்டு வரைக்கும்னா, கிரெடிட் கார்டு கொடுத்த பேங்கும் ஏர்லைனோட சேர்ந்து பொறுப்பு. ஏர்லைன் போனாலும் பேங்க் இருக்கும். டிக்கெட் பணம் மட்டுமில்ல, அவசரத்துல கூடுதல் விலைக்கு வாங்கின மாத்து டிக்கெட்டோட வித்தியாசத்தையும் நஷ்டமாக் கேக்கலாம். உங்க மாதிரி புதுசா வந்தவங்களுக்கு கார்டு லிமிட் 300, 500தான் இருக்கும், அது தடையில்ல. மொத்த விலையில ஒரு பகுதியை கிரெடிட் கார்டுல கட்டினாலும் முழு விலைக்கும் பாதுகாப்பு உண்டு. முன்பணம் கார்டுலயும் மீதி டெபிட்லயும் வாங்கிக்கற இடமா பாருங்க.

நம்ம ஆளுங்க கோட்டை விடறது மூணு இடத்துல. ஒண்ணு, அண்ணன் கார்டு, மாமா கார்டு. கடன் வாங்கினவர் ஒருத்தர், ஏர்லைனோட ஒப்பந்தம் போட்டவர் இன்னொருத்தர்னு பேங்க் கதவைச் சாத்த வாய்ப்பு இருக்கு. உங்க டிக்கெட்டை உங்க பேர்ல இருக்கற கார்டுல, நீங்களே எடுங்க. ரெண்டு, நடுவுல ஏஜென்டோ பேபால் மாதிரி ஒண்ணோ புகுந்தா பேங்க்–ஏர்லைன் சங்கிலி அறுந்து போகலாம். 20 பவுண்டு மிச்சம்னு ஆன்லைன் ஏஜென்ட் பக்கம் போகாம ஏர்லைன் சைட்லயே எடுத்துடுங்க. மூணு, உங்க மும்பை–சென்னை டிக்கெட் மாதிரி துண்டு. அதைத் தனியா 45 பவுண்டுக்கு எடுத்தா 100ஐத் தாண்டாது, செக்‌ஷன் 75 இல்ல. லண்டன் விமானம் வராம போனா, அந்த உள்நாட்டு ஏர்லைனைப் பொறுத்தவரை நீங்க விமானத்துக்கு வராத பயணி, பணம் கிடைக்காது. லண்டன்ல இருந்து சென்னை வரைக்கும் ஒரே டிக்கெட்டா எடுத்துட்டா இந்தத் தொல்லையே இல்ல.

100 பவுண்டுக்குக் கீழ இருந்தாலோ டெபிட் கார்டா இருந்தாலோ சார்ஜ்பேக் உண்டு, அதாவது கார்டுல கட்டின பணத்தை பேங்க் மூலமா திரும்பக் கேக்கறது. அது சட்டம் இல்ல, விசா, மாஸ்டர்கார்டோட விதி. கட்டின பணம் வரைக்கும்தான் கிடைக்கும். பொதுவா பயணம் நடந்திருக்க வேண்டிய நாள்ல இருந்து 120 நாளுக்குள்ள கேக்கணும். இந்தியக் கார்டுலயும் இதைக் கேக்கலாம். பேங்க் 30 நாள்ல சரியான பதில் தரலைன்னா ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன்ங்கற குறைதீர்ப்பு அதிகாரி இருக்கார். பிரிட்டிஷ் பேங்க்ல பேசும்போது மறக்காம "இது செக்‌ஷன் 75 க்ளெய்ம்"னு எழுதுங்க. இல்லைன்னா சார்ஜ்பேக்னு பதிவு பண்ணி, அதை நிராகரிச்சு, ஃபைலை மூடிடுவாங்க. புகார் கொடுத்து எட்டு வாரம் ஆகியும் முடியலைன்னா ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மேன்.

ஏட்டால்ங்கற பிரிட்டிஷ் பயணப் பாதுகாப்புத் திட்டம் பத்தி சுருக்கமா. பிரிட்டிஷ் டிராவல் கம்பெனி விமானமும் ஹோட்டலும் சேர்த்து வித்தா ஏட்டால் சான்றிதழ் தரணும், கம்பெனி விழுந்தா பணம் வரும், இல்ல ஊருக்குக் கூட்டிட்டு வருவாங்க. ஏர்லைன்ல நேரா எடுத்த வெறும் டிக்கெட்டுக்கும், ஏஜென்ட் பணம் வாங்கின உடனே டிக்கெட்டைக் கையில கொடுத்துட்டதுக்கும் அது கிடையாது. மண்ணடி டிக்கெட்டுக்கு அந்தப் பேச்சே இல்ல. இன்ஷூரன்ஸ்லயும் 'பயணக் காப்பீடு'ங்கற பேரைப் பார்த்து ஏமாறாதீங்க, ஏர்லைன் திவாலுக்குன்னு தனிப் பிரிவு பாலிசியில இருக்கணும். அதுவும் ஆட்டம் காணறது ஊருக்கே தெரிஞ்ச பிறகு வாங்கினா செல்லாது. உங்க இந்த டிக்கெட்டுக்கு அந்த நேரம் கடந்துடுச்சு.

இப்போ கல்யாணம். உங்க கார்டுல அவசர டிக்கெட்டுக்கு இடம் காலியா இருக்கட்டும், லிமிட் பத்தாதுன்னா பேங்க் அக்கவுன்ட்ல தனியா ஒதுக்கி வைங்க. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இறங்கற மாதிரி வச்சிருந்தா, மூணு நாளாவது முன்னாடி தள்ள முடியுமான்னு இப்பவே ஏஜென்ட்கிட்ட கேளுங்க, மாத்தற சார்ஜ் எவ்வளவுன்னும் கேளுங்க. ஏர்லைன் விழுந்த அன்னிக்கு மத்த கம்பெனிங்க சில சமயம் மாட்டிக்கிட்ட பயணிங்களுக்குக் குறைச்ச விலையில சீட்டு கொடுப்பாங்க. அதுக்குப் பழைய டிக்கெட்டைக் காட்டணும். சைட்டும் ஆப்பும் எப்ப வேணா மூடிடலாம், அதனால இ-டிக்கெட், பில், ஜிபே ரசீது, ஏர்லைன் மெயில் எல்லாத்தையும் இன்னிக்கே இறக்கி வைங்க. சென்னையில இருக்கும்போது விழுந்தா திரும்பற பாதிக்கும் இதே கதைதான், போன பாதிக்கு பணம் கேக்க முடியாது.

அப்பாகிட்ட ஒண்ணு சொல்லி வைங்க. ஏர்லைன் விழுந்த மறுநாள்ல இருந்து "ரீஃபண்ட் டிபார்ட்மென்ட்ல இருந்து பேசறோம்"னு போன் வரும். ஓடிபி கேப்பாங்க, திரையைப் பகிர ஆப் போடச் சொல்வாங்க, ஜிபேல பின் நம்பர் போடுங்கன்னு சொல்வாங்க. பணம் வாங்கறதுக்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்ல, போனை வச்சுடச் சொல்லுங்க. டிக்கெட் நம்பரோட முதல் மூணு இலக்கம் தெரிஞ்சதும் எழுதுங்க, மீதி அதை வச்சுப் பார்க்கலாம்.