குளிரில் அடை வைக்கலாம், எட்டு முட்டைக்கு மேல் வேண்டாம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் வீடு. நாட்டுக்கோழி ஆறு, சேவல் ஒன்று. கார்த்திகைக் கடைசியில் ஒரு கோழிக்கு 14 முட்டை அடை வைத்தேன். மூன்றுதான் பொரிந்தது. அதிலும் இரண்டு குஞ்சு மறுநாளே விறைத்துச் செத்துவிட்டது. இப்போது இன்னொரு கோழி அடைக்குப் படுத்திருக்கிறது. வைக்கலாமா, அடையைக் கலைத்துத் தெளிய வைத்துவிடட்டுமா? கருமுட்டை தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார், வாங்கலாமா? கோழிக்குப் பல்பு போட வேண்டுமா?

பதில்: வையுங்கள். தெளிய வைக்க வேண்டியதில்லை. வியாபாரியிடம் வாங்காதீர்கள். அடைக்கோழிக்குப் பல்பு வேண்டாம்.

கோழி சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. தவறு 14 முட்டையில் இருக்கிறது. அடைக்கோழிக்கு வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையில் படும். அந்தச் சூடு வெளியே 8 டிகிரி இருந்தாலும் போதுமானதுதான், ஆனால் அந்தத் தோல் படுகிற அளவு முட்டைக்கு மட்டும். 14 வைத்தால் ஓரத்து முட்டைகள் இறகுக்கு வெளியே நிற்கும். ஓரத்தில் இருக்கிற நாலு மட்டும் கெடும், மிச்சம் பொரியும் என்று கணக்குப் போடாதீர்கள். கோழி ஒரு நாளில் பலமுறை முட்டையைப் புரட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளும். ஆக ஒவ்வொரு முட்டையும் முறைவைத்துக் குளிரில் நின்றுவிட்டு வரும், எல்லாவற்றிலும் கரு நலியும். வெயில் காலத்தில் 12, 13 வைத்துப் பொரித்த அதே கோழிக்கு மார்கழி, தை மாதத்தில் எட்டு போதும். சிறுவிடைக் கோழி என்றால் ஏழு.

அந்த எட்டு முட்டையும் ஏழு நாளுக்குள் இட்டதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போகப் போகப் பொரிக்கும் திறன் குறையும். காலை, மாலை இரண்டு வேளையும் எடுத்துவிடுங்கள், கூட்டிலேயே விட்டால் இரவுக் குளிர் உள்ளே இறங்கும். ராகியோ உமியோ போட்ட மண்பானையில், கூர்முனை கீழே இருக்கும்படி குத்தி வையுங்கள். பிரிட்ஜில் வைத்த முட்டை அடைக்கு ஆகாது. கழுவவும் கூடாது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் முட்டைக்குள் இருப்பது சுருங்கும், ஓட்டின் நுண்துளை வழியாக அழுக்குத் தண்ணீரை உள்ளே இழுக்கும். பத்தாம் நாள் நாறுகிற கூமுட்டை பெரும்பாலும் இப்படி வந்ததுதான். எச்சம் அப்பியிருந்தால் அதைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு வேறு முட்டை வையுங்கள்.

இனி வியாபாரி விஷயம். வீட்டில் ஆறு கோழியும் ஒரு சேவலும் இருக்கும்போது நீங்கள் எதற்குக் காசு கொடுத்து முட்டை வாங்க வேண்டும்? "வீரிய நாட்டுக்கோழி கருமுட்டை" என்று கூடையில் வருவதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. பழுப்பு ஓடு இருந்தால் நாட்டு முட்டை என்று நம்புகிறோம். பழுப்பு முட்டை இடுகிற பண்ணைக்கோழி உண்டு. அது கூண்டில் இருக்கும், பக்கத்தில் சேவலே இருக்காது. சேவல் அணையாத கோழியின் முட்டையை 21 நாள் அல்ல, 210 நாள் அடை வைத்தாலும் குஞ்சு வராது. வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். நல்ல முட்டையே ஆனாலும் மூன்று கை மாறி, ஜீப்பில் மலையேறிக் குலுங்கி வருவதற்குள் அதன் வயசு உங்களுக்குத் தெரியாது, காற்றறை கலங்கியிருக்கும். 21 நாள் கழித்து நீங்கள் கேட்கப் போனால் "உங்க கோழி சரியா உட்காரலைங்க" என்பார். அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. அதுதான் அந்த வியாபாரத்தின் பலம்.

சந்தையில் "அடைக்கோழி" என்று விற்பதையும் வாங்காதீர்கள். காலைக் கட்டி, தலைகீழாகத் தூக்கி, பகல் முழுக்கச் சந்தையில் போட்ட கோழிக்கு வீடு வருவதற்குள் அடை தெளிந்துவிடும். சில இடங்களில் வனராஜா, கிராமப்பிரியா மாதிரிக் கலப்பினக் கோழிகளையும் அடைக்கு உட்காரும் என்று சொல்லித் தலையில் கட்டுகிறார்கள். அவை நிறைய முட்டைக்காகவும் கறிக்காகவும் உருவாக்கப்பட்டவை. அடைக்கு உட்காரும் குணம் அவற்றில் அநேகமாகப் போய்விட்டது. முட்டை வேண்டுமானால் நடந்து போகிற தூரத்தில், கோழியோடு சேவல் மேய்வதைக் கண்ணால் பார்த்த வீட்டில் மட்டும் வாங்குங்கள்.

கூடை அமைப்பதில் அவசரம் வேண்டாம். ஒன்றேகால் அடி அகலம், அரை அடி ஆழம் உள்ள மூங்கில் கூடை. சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் பலகையோ இரண்டு வரிசைச் செங்கலோ போட்டு அதன்மேல் வையுங்கள், தரைதான் சூட்டை உறிஞ்சும். அடியில் நாலாக மடித்த சாக்கு, அதன்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த உமி, அதன்மேல் வைக்கோலோ காய்ந்த புல்லோ மூன்று அங்குலம். நடுவில் முஷ்டியால் அழுத்திச் சிறு பள்ளம் செய்யுங்கள், முட்டை தானாக நடுவுக்கு உருளும். சமவெளியில் போடுகிற மணல் இங்கே வேண்டாம், குளிர்ந்தால் சீக்கிரம் சூடேறாது. அடுப்பங்கரைச் சுவரை ஒட்டிய மூலை நல்லது. கொட்டகையில்தான் வைக்க முடியும் என்றால் தகரத்தைக் கவனியுங்கள். விடியற்காலையில் தகரத்தின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும், சொட்டுவது நேரே கோழி முதுகில் விழும். கூடைக்கு மேலே ஒரு சாக்கைத் தாழ்வாரம்போல் கட்டுங்கள். பாலித்தீன் போட்டு மூடிவிடாதீர்கள், ஈரமும் எச்ச வாடையும் உள்ளேயே தங்கும்.

இருட்டின பிறகு முட்டையை ஒன்றாக, ஒரே நேரத்தில் வையுங்கள். இன்று நாலு, நாளை மறுநாள் நாலு என்று சேர்த்தால் முன்னால் பொரித்த குஞ்சோடு கோழி எழுந்து போய்விடும். ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் கோடு போடுங்கள். வேறு கோழி வந்து புதிதாக இட்டுவிட்டுப் போனால் கண்டுபிடித்து எடுக்கலாம்.

நாளுக்கு ஒருமுறை, பகல் 12 மணிக்கு மேல் வெயில் இருக்கும்போது கோழியை இறக்கிவிடுங்கள். தூக்குமுன் இறக்கைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். சில நேரம் இறக்கை இடுக்கில் ஒரு முட்டையை அணைத்து வைத்திருக்கும், அப்படியே தூக்கினால் அது விழுந்து கீழே இருப்பதையும் உடைக்கும். உடைத்த மக்காச்சோளம், கம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், குளிக்க ஒரு தட்டில் சாம்பல். 15, 20 நிமிடம் போதும். அதுவரை முட்டைமேல் பழைய கம்பளித் துணியைப் போட்டு வையுங்கள். தீனியைக் கூடைக்குள் வைக்கக் கூடாது. எழுந்து நடந்தால்தான் எச்சம் வெளியே விழும்.

"கோழி ராத்திரியில் எழுந்து போய்விட்டது, முட்டை சில்லென்று இருக்கிறது" என்று தூக்கி எறிகிறவர்கள் நிறையப் பேர். எறியாதீர்கள். கோழி மறுபடி உட்கார்ந்தால் அப்படியே விடுங்கள். உட்காரவில்லை என்றால் அன்றே வேறு அடைக்கோழிக்கு மாற்றுங்கள். ஒரு ராத்திரி குளிர்ந்ததால் மட்டும் கரு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, வளர்ச்சி நின்று நின்று போகும். எல்லாம் பிழைக்கும் என்று சொல்லவில்லை, சில போகும். எது போனது என்று கையில் தொட்டுத் தெரியாது. ஐந்து நாள் கழித்து இருட்டறையில், முட்டையின் தட்டைமுனையில் செல்போன் டார்ச்சை வைத்துப் பாருங்கள். சிவந்த நரம்பு கிளை விரிந்திருந்தால் உயிர் இருக்கிறது. ரத்தம் வட்டமாகக் கோடு கட்டி நின்றால் செத்தது. தெளிவாகத் தெரிந்தால் கருவே கூடவில்லை. இப்படிக் குளிர்ந்த முட்டை 21ஆம் நாள் பொரியாமல் 22, 23ஆம் நாள் பொரிக்கலாம், ஆகவே 23ஆம் நாள் முடியும்வரை எடுக்காதீர்கள். எழுந்து போன காரணத்தையும் பாருங்கள். குளிர்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் கூடையின் பின்னலையும் முட்டை ஓட்டையும் உற்றுப் பாருங்கள். மிளகாய்த்தூள் தூவினமாதிரி நகரும் புள்ளி இருந்தால் அது செல்லு என்கிற சிறு பூச்சி. இரவில் ரத்தம் குடிக்கும், அதனால்தான் கோழி இரவில் எழுகிறது. வைக்கோலைக் கொளுத்திவிட்டு வேறு கூடைக்கு மாற்றுங்கள். கரப்பான் சாக்பீஸைக் கூடையில் தேய்க்காதீர்கள்.

ஓடு விரிசல் விட்டதும் உரித்துவிட வேண்டாம். கொத்த ஆரம்பித்து வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். உங்கள் இரண்டு குஞ்சும் செத்தது, அநேகமாகத் தாய் மிச்ச முட்டையை விட்டு இறங்கி அவற்றைத் தரையில் நடத்தியதால். பொரித்த முதல் பத்து நாள் பஞ்சாரத்துக்குள் உமி பரப்பித் தாயையும் குஞ்சையும் உள்ளேயே வையுங்கள், சாயங்காலம் நாலு மணிக்குச் சாக்குப் போட்டு மூடுங்கள், மேலே காற்றுக்கு இடம் விட்டு. பல்பு வேண்டியது தாய் ஏற்காத குஞ்சுக்கு மட்டும்தான். 60 வாட் குண்டு பல்பை ஒன்றரை அடி உயரத்தில், வைக்கோலுக்கு எட்டாமல், கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், குஞ்சுக்குச் சூடு தராது. குண்டு பல்பு கேட்டால் கடைக்காரர் இதை எடுத்துக் கொடுப்பார், வாங்காதீர்கள்.

ஏழாம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து, குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு. வெள்ளைக்கழிச்சல் வந்தால் இவ்வளவு பாடும் ஒரே வாரத்தில் போகும். இந்த மருந்து நூற்றுக்கணக்கான கோழிக்கான குப்பியாக வருகிறது. கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனால் "இதுக்காகக் குப்பியை உடைக்க முடியுமா?" என்று திருப்பி அனுப்புவார்கள். ஆயிரம் முட்டைக்கு இன்குபேட்டர் வைக்கத் திட்ட அறிக்கை அவர்கள் கையில் இருக்கும். ஆறு கோழி வைத்திருப்பவருக்குச் சின்னக் குப்பி இருக்காது. அவர்கள் மாறும்வரை காத்திருக்க முடியாது. முட்டை வைக்கும் அன்றே அக்கம்பக்கத்து நாலு வீட்டில் சொல்லி, ஒரே வாரத்தில் அடை வைக்கச் செய்யுங்கள். எல்லாக் குஞ்சையும் ஒரே கூடையில், ஒரே நாளில் கொண்டுபோனால் குப்பியை உடைத்துத்தான் ஆக வேண்டும்.