டிகிரிக்குப் பிறகு ஃபெல்லோஷிப்: வீட்டுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒரு விண்ணப்பம்

“மூணு வருஷம் பி.காம். படிக்க வெச்சோம். இப்ப வேற ஸ்டேட்டுக்குப் போய் சேவை பண்றேங்கிறா. பணம் தருவாங்களாம், ஆனா வேலை கிடையாதாம். இது என்ன கணக்கு?” காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துப் பெற்றோர் சுற்றிச் சுற்றிக் கேட்பது இதைத்தான். கேள்வியில் தப்பில்லை. ஃபெல்லோஷிப் நிரந்தர வேலை அல்ல. ஒரு அமைப்பு பயிற்சி கொடுத்து, ஒரு பள்ளியிலோ கிராமத்திலோ ஒன்றிரண்டு வருடம் வேலை செய்ய வைத்து, மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. பெரும்பாலும் பி.எஃப். கிடையாது, பணிக்கொடை கிடையாது, முடிந்ததும் அங்கேயே வேலை என்ற உறுதியும் கிடையாது. இதை முதலிலேயே பேசிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

இனி பணம். எஸ்.பி.ஐ. ஃபவுண்டேஷன் நடத்தும் ‘யூத் ஃபார் இந்தியா’ என்ற கிராமப்புற ஃபெல்லோஷிப் 13 மாதம். வயது 21 முதல் 32 வரை. எந்த டிகிரியும் சரி. அண்மை அறிவிப்புகளில் மாதம் 16,000 ரூபாய், உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 2,000, முழுக் காலத்தையும் முடித்தவர்களுக்குக் கடைசியில் 90,000 என்று இருந்தது. 13 மாத உதவித்தொகை 2,08,000. அதோடு 90,000 சேர்த்தால் 2,98,000. மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 23,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 90,000 முடிக்கும் வரை கைக்கு வராது. எட்டாவது மாதம் “முடியலம்மா, வந்துடறேன்” என்று கிளம்பினால் அது போச்சு. அதுவரை வாடகை, சாப்பாடு, போன் எல்லாம் அந்த 16,000-க்குள்தான். வீட்டுக்கு மாதம் 10,000 அனுப்பியே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் இது ஒத்துவராது.

விசைப்படகு வருமானத்தில் ஓடும் வீடுகளுக்கு இன்னொரு சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடைசி செமஸ்டர் தேர்வும், சில இடங்களில் சேருவதற்கான பயணமும் அதை ஒட்டியே வந்து விழும். முதல் உதவித்தொகை ஒரு மாதம் வேலை பார்த்த பிறகுதான் வரும். ஆகவே 12,000 அல்லது 15,000 ரூபாயைத் தடைக்காலம் தொடங்கும் முன்பே தனியாக எடுத்து வையுங்கள். சீட்டுப் பணம் எடுப்பதானால் மார்ச்சில் எடுப்பது நல்லது.

மகள் சென்னையிலேயே இருக்க வேண்டும் என்றால் டீச் ஃபார் இந்தியாவைப் பாருங்கள். இரண்டு வருடம், வசதி குறைந்த பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் முழுநேர ஆசிரியர் வேலை, மாதம் 20,000-க்கு மேல். அவர்கள் வேலை செய்யும் நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் நகர விருப்பத்தைக் கேட்பார்களே தவிர, கேட்டதுதான் கிடைக்கும் என்றில்லை.

தமிழக அரசின் ஃபெல்லோஷிப்பான முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2022-இல் 30 பேரோடு தொடங்கியது. அப்போதே மாதம் 50,000, அதற்கு மேல் 10,000 படி. தொகையைப் பார்த்து ஆசைப்படும் முன் தகுதியைப் படியுங்கள்: பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை, கால்நடை போன்ற தொழிற்படிப்புகளில் முதல் வகுப்பு, அல்லது கலை, அறிவியலில் முதுகலை முதல் வகுப்பு கேட்டார்கள். வெறும் பி.காம். போதாது.

“வேலை நிச்சயம், டெபாசிட் கட்டுங்கள்” என்று யாராவது சொன்னால் அது ஃபெல்லோஷிப்பே அல்ல. பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இங்கிருந்து போனை மகள் கையில் கொடுத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் உன்னைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் அந்த நான்கைந்து சிறு கட்டுரைகள்தான். “சிறு வயதிலிருந்தே சமூக சேவையில் எனக்கு ஆர்வம்” என்று தொடங்காதே. வருகிற விண்ணப்பங்களில் பாதி அப்படித்தான் தொடங்கும், இப்போது ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கியவையும் சேர்ந்து, எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன. வடசென்னைப் பிள்ளைகளிடம் ஒரு வினோதம் உண்டு. தண்ணீர், குப்பை, புகை, இடைநிற்றல் என்று மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்வதை இவர்கள் வீட்டு வாசலில் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். எழுதும்போது மட்டும் அதை மறைத்துவிட்டு ‘இந்தியாவின் வறுமை’ பற்றி எழுதுகிறார்கள். உன் தெருவை எழுது.

உதாரணத்துக்கு, இல்லம் தேடிக் கல்வியிலோ ஒரு மாலை வகுப்பிலோ பாடம் எடுத்திருந்தால் இப்படி எழுதலாம்: “வகுப்பில் 20 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை மட்டும் 12 பேர்தான் வந்தார்கள். விசாரித்தேன். அன்று மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் லாரி வருகிறது. பெரிய பிள்ளைகள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பை ஆறரைக்கு மாற்றினேன். 17 பேர் வந்தார்கள். மீதி மூவர் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்கு எனக்கு வழி தெரியவில்லை.” ஒன்பது சிறு வாக்கியம்தான். எண் இருக்கிறது, காரணம் இருக்கிறது, நீ செய்தது இருக்கிறது, செய்ய முடியாமல் போனதும் இருக்கிறது. அந்தக் கடைசி வரியை வெட்டிவிடாதே. தேர்வு செய்பவர் நேர்காணலில் அதைப் பிடித்துத்தான் பேசுவார். ஆனால் நடக்காததை எழுதாதே. “அந்த மூன்று பேரில் ஒருத்தியைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வாய்.

என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தால் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம் என்று மட்டும் போட்டுவிட்டு நகராதே. எந்த ஊர் முகாம், நீ எந்த வேலைக்குப் பொறுப்பு, எது சொதப்பியது என்று எழுது. சான்றிதழில் திட்ட அலுவலர் கையெழுத்து இருக்கிறதா என்று கல்லூரி மூடும் முன் பார்த்துக்கொள்.

அடுத்து, யாரும் சொல்லித்தராத தொல்லை: இனிஷியல். மார்க் ஷீட்டில் ‘எம். கீர்த்தனா’, ஆதாரில் ‘கீர்த்தனா எம்’, பேன் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து ‘கீர்த்தனா முருகன்’. படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனியாகக் கேட்கும். தேர்வாகும் வரை இது யார் கண்ணிலும் படாது. வங்கிக் கணக்கில் பணம் போடும்போதுதான் பெயர் பொருந்தவில்லை என்று நிற்கும். எல்லா இடத்திலும் ஆதாரில் உள்ளபடியே எழுது. பேன் மாறியிருந்தால் இப்போதே திருத்து. ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த கணக்கில் இரண்டு வருடம் எந்த வரவு செலவும் இல்லையென்றால் அது முடங்கியிருக்கும். கிளைக்குப் போய் கே.ஒய்.சி. கொடுத்து உயிர்ப்பித்துவிடு. கல்லூரி கொடுத்த மெயில் முகவரியை விண்ணப்பத்தில் போடாதே, படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள்.

கடைசி வருடத்திலேயே விண்ணப்பிக்கலாம். சேரும் தேதிக்குள் டிகிரி முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு அரியர் இருந்தாலும் வந்த வாய்ப்பு கைநழுவும். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டாம். ப்ரொவிஷனல் சர்டிபிகேட்டும் மார்க் ஷீட்டுகளும் பெரும்பாலும் போதும்.

நேர்காணல் பெரும்பாலும் வீடியோவில். ஒரே அறை வீட்டில் குக்கர் விசிலும் பக்கத்து வீட்டு டிவியும் தவிர்க்க முடியாதவை. கொளத்தூரில் மாநகராட்சி நடத்தும் முதல்வர் படைப்பகத்தில் சிறு அறைகளை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள், முன்பதிவு செய்துகொள். டீச் ஃபார் இந்தியா தேர்வில் ஐந்து நிமிடம் பாடம் நடத்தச் சொல்வார்கள். பலர் அதில் ஒரு பாடத்தையே அடைத்துவிடப் பார்த்து நேரம் போதாமல் நிற்பார்கள். ஒரே ஒரு கருத்து போதும். கால் கிலோ, அரைக் கிலோ இறாலை வைத்துப் பின்னம் சொல்லு, இரண்டு கேள்வி கேள், முடி. நடத்துவது ஆங்கிலத்தில், அதனால் கண்ணாடி முன் பத்து முறையாவது பேசிப் பார்.

“வீட்டில் சம்மதமா?” என்ற கேள்வியும் வரலாம். “பேசிக்கொண்டிருக்கிறேன்” என்ற பதில் எடுபடாது. எஸ்.பி.ஐ. ஃபெல்லோஷிப்பில் ஒடிசாவோ ராஜஸ்தானோ கிடைக்கலாம் என்பதை அப்பாவிடம் விண்ணப்பிக்கும் முன்பே சொல்லிவிடு.

பெற்றோருக்கு இன்னும் இரண்டு விஷயம். “அதுக்கப்புறம்?” என்று கேட்பீர்கள். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். மணலி, எண்ணூர்ப் பக்கம் அப்படிப்பட்ட ஆலைகள் உண்டு. அந்தப் பணத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்குக் களம் தெரிந்த, பில்லும் அறிக்கையும் ஒழுங்காக எழுதத் தெரிந்த ஆள் தேவை. பி.காம். படித்தவளுக்கு அங்கே நல்ல இடம் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி.யையும் இதையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு போகச் சொல்லாதீர்கள், இரண்டும் கெடும்.

கல்விக் கடன் இருந்தால், படிப்பு முடிந்து பெரும்பாலும் ஒரு வருடம் வரைதான் தவணைக்கு அவகாசம். 13 மாத ஃபெல்லோஷிப்பின் கடைசி மாதங்களிலேயே தவணை தொடங்கிவிடலாம். அவகாசத்தில் வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். ஆஃபர் மெயில் வந்த வாரமே அதன் பிரதியோடு கிளைக்குப் போய், எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.